மெட்ரோனிடசோல்: காற்றில்லாத இடத்தில் வேலை செய்யும் மாத்திரை

குடியாத்தத்திலிருந்து ஒரு மருமகள் கேட்டிருக்கிறார். அவருடைய மாமியாருக்குச் சீதமும் ரத்தமுமாகப் பேதி. டாக்டர் மலத்தைச் சோதித்துப் பார்த்து அமீபா என்று சொல்லி, மெட்ரோனிடசோல் 400 மாத்திரையை வேளைக்கு இரண்டாக, மூன்று வேளை, 5 நாளைக்கு எழுதிக் கொடுத்தார். இரண்டு நாளிலேயே பேதி நின்றுவிட்டது. வாயெல்லாம் இரும்பு நக்கியது போல் இருக்கிறது, சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் போகிறது என்று பயந்து மாமியார் மாத்திரையை நிறுத்திவிட்டார். சீட்டில் இன்னொரு மாத்திரையும் இருந்தது. அதை வாங்கவே இல்லை. இப்போது 4 வயதுப் பையனுக்கு நேற்றிலிருந்து தண்ணீராகப் போகிறது. மீதி இருக்கும் மாத்திரையில் பாதி உடைத்துக் கொடுக்கலாமா? வீட்டுக்காரருக்குப் பல் வீங்கியபோதும் இதே மாத்திரையைத்தான் கொடுத்தார்கள். பேதிக்கும் பல்லுக்கும் எப்படி ஒரே மருந்து? இவ்வளவுதான் கேள்வி.

நான் டாக்டர் இல்லை. வேலூரில் மெடிக்கல் கடையில் 27 வருஷமாக நிற்கும் பார்மசிஸ்ட். இந்த மாத்திரையை என் கையால் எத்தனை அட்டை எடுத்துக் கொடுத்திருப்பேன் என்று கணக்கே இல்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் பையன் விஷயம், ஏனென்றால் அது இன்றைக்கே ஆக வேண்டியது. கொடுக்காதீர்கள் அம்மா. பாதியும் வேண்டாம், கால்வாசியும் வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்குத் திடீரென்று தண்ணீராகப் போவது பெரும்பாலும் வைரஸால் வருவது. வைரஸை இந்த மாத்திரை ஒன்றும் செய்யாது. வேலூர் சி.எம்.சி.யில் ககன்தீப் காங் குழுவினர் நம் நகரத்துக் குடிசைப் பகுதிகளில் பிறந்த 373 குழந்தைகளை 3 வயது வரைக்கும் விடாமல் தொடர்ந்து பார்த்து 2011-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 6 மாதம் ஆவதற்குள்ளேயே பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளை ரோட்டா வைரஸ் தொட்டிருந்தது. வேறெங்கோ நடந்ததில்லை இது. நம் தெருப் பிள்ளைகளின் கணக்கு. ரோட்டா தடுப்பு மருந்து இப்போது அரசுத் திட்டத்திலேயே கிடைக்கிறது. ஆனால் அதுபோல வேறு பல வைரஸ்களும் உண்டு.

பையனுக்குத் தேவை ஓ.ஆர்.எஸ். ஒரு பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் முழுசாகக் கொட்டிக் கலக்குங்கள். பாக்கெட்டில் பாதியை வைத்துக்கொண்டு டம்ளரில் கலக்குவதுதான் கடையில் நான் தினமும் திருத்தும் தப்பு. கலக்கியதை 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மீந்தால் கொட்டிவிட வேண்டும். ஒவ்வொரு தடவை போன பிறகும் ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு மறுபடியும் கொடுங்கள். கூடவே துத்தநாகம், அதாவது சிங்க் 20 மில்லிகிராம், பேதி நின்றாலும் 14 நாள். கஞ்சி, இட்லி, மோர் சாதம் எல்லாம் கொடுக்கலாம். பட்டினி போடக் கூடாது. கண் உள்ளே போனாலோ, 6 மணி நேரமாகச் சிறுநீரே வராவிட்டாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, கூப்பிட்டால் முழிக்காமல் துவண்டு கிடந்தாலோ, குடிக்கவே முடியாவிட்டாலோ ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

இனி மாத்திரைக்கு வருகிறேன்.

மருந்தின் பெயர் மெட்ரோனிடசோல். ஃப்ளாஜில், மெட்ரோஜில் என்பவை கம்பெனிகள் வைத்த பெயர்கள். அட்டையில் எது பெரிய எழுத்தில் இருந்தாலும் சரி, அதன் கீழே சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள், மருந்து அதுதான். 'நிடசோல்' என்று முடிபவை எல்லாம் ஒரே குடும்பம்: டினிடசோல், ஆர்னிடசோல், செக்னிடசோல். இவை உடம்பில் கூடுதல் நேரம் தங்குபவை, அதனால் ஒரு வேளை, இரண்டு வேளை போதும். மெட்ரோனிடசோலில் பாதி 8 மணி நேரத்தில் உடம்பை விட்டு இறங்கிவிடும். அதனால்தான் மூன்று வேளை எழுதுகிறார்கள். ஆனால் வெறும் 'சோல்' என்று முடிந்தால் போதாது. ஒமெப்ரசோல் வயிற்று எரிச்சலுக்கு, ஃப்ளுகோனசோல் படை, பூஞ்சைக்கு, அல்பெண்டசோல் குடற்புழுவுக்கு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தரும் பூச்சி மாத்திரை அல்பெண்டசோல் 400. உங்கள் அத்தைக்குத் தந்தது மெட்ரோனிடசோல் 400. இரண்டிலும் அதே 400. "அந்த நானூறு மாத்திர குடுண்ணா, பூச்சிக்கு" என்று கேட்டு வருபவர்களிடம் எது என்று நிறுத்திக் கேட்காமல் நான் எதையும் எடுப்பதில்லை.

ஃப்ளாஜில் என்ற பெயருக்கு ஒரு கதை உண்டு. லத்தீனில் ஃப்ளாஜெல்லம் என்றால் சாட்டை. சாட்டை போன்ற வால்களை வீசி நீந்தும் ஒருசெல் உயிரிகளைக் கொல்லத்தான் இந்த மருந்து முதலில் வந்தது. ஜப்பானில் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து 1950-களில் அசோமைசின் என்ற பொருள் கிடைத்தது. அதைப் பார்த்து பிரான்சின் ரோன் பூலாங் கம்பெனியில் அதன் உறவுக்காரப் பொருட்களை ஒவ்வொன்றாகச் செய்து சோதித்தார்கள். பெண்களுக்கு வெள்ளைப்படுதலையும் அரிப்பையும் கொண்டுவரும் ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியை அவற்றில் ஒன்று கொன்றது, 1959-இல் அறிவித்தார்கள். அதுவரை அந்த நோய்க்கு உள்ளுக்குச் சாப்பிட ஒரு நல்ல மருந்து இருந்ததில்லை.

உங்கள் பல் கேள்விக்குப் பதில் 1962-இல் இங்கிலாந்தில் கிடைத்தது. ட்ரைக்கோமோனாஸுக்காக இந்த மாத்திரை சாப்பிட்ட ஒரு பெண்ணுக்கு ஈறு புண்ணாகி ரத்தம் கசியும் நோயும் இருந்தது. மாத்திரை முடிந்தபோது ஈறும் சேர்ந்து ஆறிவிட்டது. ஷின் என்ற பல் மருத்துவர் அதைக் கவனித்து லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார். ஈற்றில் இருப்பது ஒட்டுண்ணி இல்லை, பாக்டீரியா. ஒட்டுண்ணி மருந்து பாக்டீரியாவை எப்படிக் கொன்றது?

மழைக்கு முன்னால் தெருவில் சாக்கடை தூர் வாருவார்களே, மேல் தண்ணீர் போகட்டும், அடியில் கறுப்பாக இருக்கும் சேற்றை மண்வெட்டி போட்டுக் கிளறும்போது ஒரு நாற்றம் எழும். காற்று போகாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்களின் வேலை அது. அந்த ஜாதி நம் உடம்பிலும் இருக்கிறது: ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் உள்ள ஆழமான பள்ளத்தில், பெருங்குடலில், ஆழமான சீழ்க்கட்டியில், பெண்ணுறுப்பில். அமீபாவும், பேதியை உண்டாக்கும் இன்னொரு ஒட்டுண்ணியான ஜியார்டியாவும், ட்ரைக்கோமோனாஸும்கூட ஆக்சிஜன் இல்லாமலே பிழைப்பு நடத்தக் கற்றவை. மெட்ரோனிடசோல் தன்னளவில் வீரியமற்ற பொருள்தான். ஆக்சிஜன் இல்லாமல் வாழும் உயிரியின் உள்ளே போனதும், அந்த உயிரி தன் சக்திக்காக வைத்திருக்கும் நொதியே மருந்தின் ஒரு நுனியில் எலெக்ட்ரானை ஏற்றிவிடுகிறது. அந்தக் கணத்தில் மருந்து விஷமாகி அதன் டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக அறுக்கிறது. நம்முடைய செல்களில் ஆக்சிஜன் இருக்கிறது. எலெக்ட்ரான் ஏறினாலும் ஆக்சிஜன் அதைப் பிடுங்கிக்கொண்டு மருந்தைப் பழையபடி ஆக்கிவிடுகிறது. இத்தனை வருஷம் கழித்தும் இதை நினைத்தால் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

இது புரிந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும். பல் சீழுக்கு, குடல் அறுவைச் சிகிச்சைக்கு முன்னால், கர்ப்பப்பைத் தொற்றுக்கு, வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமிக்கு வேறு மருந்துகளோடு கூட்டாக என்று எங்கெல்லாமோ இது போவது அதனால்தான். அதேபோல எங்கே போகக் கூடாது என்பதும் தெரியும். சளிக்கும் இருமலுக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் இது எதுவும் செய்யாது. ரத்தபேதியிலேயே இன்னொரு வகை உண்டு. காய்ச்சல் அடித்து, வயிறு முறுக்கி, ஒரு நாளைக்குப் பத்து இருபது தடவை கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். ஷிகெல்லா என்ற பாக்டீரியா. அது காற்றிலும் வாழும். இந்த மாத்திரைக்கு அசையாது, அதற்கு வேறு ஆன்டிபயாடிக் வேண்டும். ரத்தம் என்றதும் ஃப்ளாஜில் என்று ஓடி வருகிறவர்களை நான் டாக்டரிடம் திருப்பி அனுப்புவது இதற்காக.

ஒரு வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஒருவர் வாரா வாரம் வந்து இந்த மாத்திரை வாங்குவார். அவருடைய அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய், புண் வெளியே வெடித்துவிட்டது. நாற்றம் தாங்காமல் அந்த அம்மாவைத் திண்ணையிலேயே கிடத்தியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் ஒருவர் டாக்டரைக் கேட்டு, மாத்திரையைத் தூளாக்கிச் சுத்தம் செய்த புண்ணின் மேல் தூவக் கற்றுக்கொடுத்திருந்தார். அழுகும் சதையில் வாழ்ந்து நாற்றத்தை உண்டாக்குபவையும் காற்றில்லா பாக்டீரியாக்கள்தானே. மூன்றாவது வாரம் வந்தவர் காசைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார். "ஆயா பக்கத்துல இப்ப பேரன் உக்காந்து சாப்புடறான் சார்" என்றார். புற்றுநோய் குணமாகவில்லை, ஆகவும் ஆகாது. ஆனாலும் இந்தச் சின்ன மாத்திரை செய்த காரியங்களில் அதை நான் பெரிதாக வைத்திருக்கிறேன்.

இப்போது உங்கள் அத்தை. பேதி நின்றது சரி, அமீபா போய்விட்டதா என்பதுதான் விஷயம். எண்டமீபா ஹிஸ்டாலிடிகா என்ற இந்த அமீபாவுக்கு இரண்டு உருவம். ஒன்று குடல் சுவரைத் தின்று நகரும் உருவம். ரத்தமும் சீதமும் அதனால் வருவது. இன்னொன்று ஓட்டுக்குள் சுருண்டு கிடக்கும் முட்டை போன்ற உருவம், சிஸ்ட் என்பார்கள். மெட்ரோனிடசோல் குடலின் மேல் பகுதியிலேயே ஏறக்குறைய முழுசாக ரத்தத்தில் ஏறிவிடுகிறது. ரத்தம் போகும் இடத்துக்கெல்லாம் போய், சதைக்குள் புகுந்த அமீபாவை அழிக்கிறது. ஆனால் பெருங்குடலின் உள்ளே மலத்தோடு மிதக்கும் சிஸ்ட்களுக்குப் போதுமான மருந்து அங்கே மிஞ்சுவதில்லை. அதற்குத்தான் அந்த இரண்டாவது மாத்திரை. பெரும்பாலும் டைலாக்சனைடு ஃபியூரோயேட்டாக இருக்கும். வழக்கமாக 500 மில்லிகிராம், மூன்று வேளை, 10 நாள். அது குடலுக்குள்ளேயே வேலை செய்வது. அதை விட்டுவிட்டால் வயிறு நன்றாக இருப்பது போலவே இருக்கும். ஆனால் மாதக்கணக்கில் சிஸ்ட் வெளியேறிக்கொண்டே இருக்கும். அந்தக் கையால்தான் பிள்ளைக்குச் சோறு பிசைவார்கள்.

நான் கடைக்கு வந்த புதிதில் தோல் ஷாப்பில் வேலை செய்யும் ஒரு தம்பி வருவான். முப்பது வயது இருக்கும். "அண்ணா, வயித்தால போவுது, நாலு மாத்திர குடு." சீட்டு கேட்காமல் நாலு மாத்திரையை வெட்டிக் கொடுத்தேன். பதினைந்து நாள் கழித்து மறுபடியும் நாலு. மறுபடியும். இரண்டு மாதத்தில் மூன்று தடவை. அப்புறம் ஒரு நாள் வலது விலாவைக் கையால் அணைத்தபடி வளைந்து வந்தான். காய்ச்சல், வலது தோளில் வலி, சாப்பாடு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள், ஈரலில் சீழ்க்கட்டி. ஊசி போட்டு இழுத்தபோது மஞ்சள் சீழ் வரவில்லை, செங்கல்லைக் கரைத்தது போல் பழுப்பாகக் கொழகொழவென்று வந்தது என்று அவன் அண்ணன் சொன்னார். குடலில் இருந்த அமீபா ரத்தக்குழாய் வழியாக ஈரலுக்கு ஏறியிருக்கிறது. ஆண்களுக்கு இது பெண்களைவிடப் பல மடங்கு அதிகம் வருகிறது, குடிப்பவர்களுக்கு இன்னும் அதிகம். பிழைத்துக்கொண்டான். அவனைக் குணமாக்கியதும் இதே மெட்ரோனிடசோல்தான், முழு அளவில், முழு நாளும் கொடுத்தபோது. அந்த நாலு நாலு மாத்திரைகள் என் கையிலிருந்து போனவை. அதன்பின் சீட்டு இல்லாமல் இதை நான் வெட்டிக் கொடுத்ததில்லை. சட்டமும் சீட்டோடுதான் விற்கச் சொல்கிறது.

ஆகவே அத்தையை அந்தச் சீட்டோடு நாளைக்கே அதே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். 30 மாத்திரையில் 12 சாப்பிட்டார், 18 மீதி இருக்கிறது, இத்தனை நாள் இடைவெளி விழுந்தது என்று அப்படியே சொல்லுங்கள். முதலிலிருந்து தொடங்கச் சொல்வாரா, மீதியை முடிக்கச் சொல்வாரா என்பது அவர் முடிவு. இரண்டாவது மாத்திரையை எப்போது தொடங்குவது என்று கட்டாயம் கேளுங்கள். எல்லாக் கடையிலும் அது எப்போதும் இருப்பதில்லை. முன்கூட்டிச் சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார்கள்.

நாக்கில் இரும்பு ருசி வந்ததற்குப் பயப்பட வேண்டாம். மருந்து எச்சிலில் சுரக்கிறது, அதுதான். பழைய ஓட்டைக்காலணாவை வாயில் போட்ட மாதிரி என்று ஒரு பாட்டி என்னிடம் சொன்னார். அதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. சாப்பாட்டுக்குப் பிறகு, கடிக்காமல் உடைக்காமல், நிறையத் தண்ணீரோடு விழுங்கினால் ருசியும் குமட்டலும் குறையும். (குழந்தைகள் சிரப் மட்டும் வேறு மாதிரி: கசப்பு தெரியாமல் இருக்க மருந்தை வேறு வடிவில் செய்திருக்கிறார்கள், அது சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால்.) சிறுநீர் கறுத்துப் போவது மருந்து உடைந்து வெளியேறும் நிறம், நிறுத்தினால் தெளிந்துவிடும். கண்ணும் மஞ்சளாக இருந்தால் மட்டும் அது வேறு சங்கதி, உடனே காட்ட வேண்டும்.

உண்மையாகவே பயப்பட வேண்டியவை வேறு. பாதத்தில் ஊசி குத்துவது போல் மதமதப்பு, நடை தள்ளாடுவது, பேச்சுக் குழறுவது, வலிப்பு. இவை அதிகமும் வாரக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு வருபவை. வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். உடம்பில் தடிப்பும் வாயில் புண்ணும் சேர்ந்து வந்தாலும் அப்படியே.

வேலூரில் இருப்பதால் இரண்டு கூட்டாளி மருந்துகளை அழுத்திச் சொல்கிறேன். இதய வால்வு மாற்றிக்கொண்டு, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் சாப்பிடுபவர்கள் இங்கே நிறையப் பேர். மெட்ரோனிடசோல் அதோடு சேர்ந்தால் ரத்தம் தேவைக்கு மேல் நீர்த்து, ஈறிலும் வயிற்றிலும் கசியத் தொடங்கும், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். சோதனை பார்க்காமல் சேர்க்கக் கூடாது. பாகாயத்தில் மனநலச் சிகிச்சை எடுத்து லித்தியம் சாப்பிடுபவர்களும் வருகிறார்கள். லித்தியத்தின் அளவை இது ரத்தத்தில் ஏற்றிவிடும். பல் டாக்டரிடம் போகிறவர் இதையெல்லாம் சொல்லத் தோன்றாமல் விட்டுவிடுவார். தயவுசெய்து சொல்லுங்கள். கர்ப்பிணி என்றால், அதிலும் முதல் மூன்று மாதம் என்றால், அதையும்.

உங்கள் வீட்டுக்காரருக்கு: மாத்திரை சாப்பிடும் நாட்களிலும் முடிந்து 3 நாள் வரைக்கும் மது தொடக் கூடாது. முகம் சிவந்து, தலை வெடித்து, வாந்தியும் படபடப்புமாகப் படுத்துவிடலாம். எல்லோருக்கும் அப்படி வருவதில்லை, முன்பு நினைத்த அளவுக்கு இது உறுதியில்லை என்று பிற்கால ஆய்வாளர்கள் சிலர் எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் யாருக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது; எச்சரிக்கையும் நீக்கப்படவில்லை. சனிக்கிழமை குடிப்பதற்காக அன்றைக்கு மட்டும் மாத்திரையை விடுவதும் தப்பு, சீழ் அங்கேயே தங்கிவிடும். இன்னொன்று, பிரசவமான பெண்களுக்கு நம் வீடுகளில் தசமூலாரிஷ்டம் கொடுப்பார்கள். அரிஷ்டம் என்றாலே நொதிக்கவைத்தது, அதில் ஆல்கஹால் உண்டு. சிசேரியனுக்குப் பின் மெட்ரோனிடசோல் ஓடும் நாட்களில் அதைத் தள்ளி வையுங்கள்.

அத்தைக்கு மருந்து முடிந்த பின் டாக்டர் மறுபடி மலம் சோதிக்கச் சொல்லலாம். குடியாத்தத்தில் காலை 6 மணிக்கு டப்பாவில் எடுத்துப் பையில் போட்டு, பஸ் பிடித்து, வேலூர் லேபில் 10 மணிக்குக் கொடுப்பவர்களைப் பார்க்கிறேன். அதற்குள் நகரும் அமீபா செத்திருக்கும். ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட் வரும். சிஸ்ட் மட்டும் தெரிந்தாலும் குழப்பம்தான், ஏனென்றால் டிஸ்பார் என்று தீங்கு செய்யாத இன்னொரு அமீபாவின் சிஸ்ட்டும் நுண்ணோக்கியில் அச்சாக அப்படியே இருக்கும். ஊரிலேயே பக்கத்தில் இருக்கும் லேபுக்குப் போங்கள். மூடி இறுகிய சுத்தமான டப்பா, சிறுநீரும் தண்ணீரும் கலக்காமல், சீதமோ ரத்தமோ இருக்கும் பகுதியிலிருந்து ஒரு ஸ்பூன். எடுத்து அரை மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். முடிந்தால் லேபிலேயே போய் எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.